கட்ச் கறுப்பு, மதுரைத் தண்ணீர்: வெளியூரில் கண்ட கைநுட்பத்தை நம் பட்டறைக்குக் கொண்டுவர முழுமையான வழிகாட்டி

கைத்தொழிலில் இருப்பவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் கண் தன் தொழிலைத்தான் தேடும். தையல்காரர் எதிரே வருபவரின் காலரைப் பார்ப்பார். தச்சர் தங்கும் விடுதியின் கதவு மூட்டைத் தடவிப் பார்ப்பார். நான் இயற்கைச் சாயத்தில் பருத்தித் துணிக்கு அச்சடிக்கிறவன். கொடியில் துணி காய்ந்தால் நின்றுவிடுவேன். ஆனால் அப்படிப் பார்த்ததை ஊருக்குக் கொண்டுவந்து தொழிலில் நிலைக்கவைப்பது பலருக்கும் கைகூடுவதில்லை. செய்முறையை எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது எந்தத் தண்ணீரை, எந்த வெயிலை, எந்தத் துணியை நம்பி நிற்கிறது என்பதை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

இதை எப்படிச் சரியாகச் செய்வது என்று, எனக்குக் கைவந்த ஒரே ஒரு நுட்பத்தை முன்வைத்துச் சொல்கிறேன். குஜராத்தின் கட்ச் பகுதியில், மரக்கட்டையால் அச்சடித்து இயற்கைச் சாயம் ஏற்றும் அஜ்ரக் துணியில் எடுக்கும் இரும்புக் கறுப்பு அது. அதை மதுரைப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் எடுப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று வரிசையாக வரும். மண்பாண்டம், மரவேலை, தையல் என்று வேறு தொழிலில் இருப்பவர்கள் பொருளை மாற்றிக்கொண்டு அதே வரிசையில் போகலாம்.

மதுரைக்கு இது புதிதும் அல்ல. சுங்குடிப் புடவையின் முடிச்சுச் சாயமே குஜராத் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கையோடு வந்ததுதான். இங்குள்ள தண்ணீருக்கும் வெயிலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகி, இன்று மதுரையின் பெயரோடு புவிசார் குறியீடு வாங்கி நிற்கிறது.

புறப்படும் முன்: நம் குறையை எழுதிவையுங்கள்

எதைப் பார்த்தாலும் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பினால் நிறையப் பார்ப்போம், ஒன்றும் தங்காது. பட்டறையில் நம்மை உறுத்தும் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது கறுப்பு. கடுக்காயில் நனைத்த துணியில் அன்னபேதிக் கரைசல் பட்டால் கறுப்பு வந்துவிடும். அது பெரிய வித்தை இல்லை. ஆனால் அன்னபேதி என்பது இரும்பின் கந்தக உப்பு. அது கடுக்காயின் துவர்ப்போடு சேரும்போது கந்தக அமிலம் மிஞ்சுகிறது. சரியாக அலசாவிட்டால் அந்த அமிலமும், தேவைக்கு மேல் தங்கிய இரும்பும் சேர்ந்து பருத்தி நூலை அரிக்கும். கோடு இருக்கும் இடத்தில் மட்டும் துணி இற்றுப்போவது இதனால்தான். துணியை இவ்வளவு வதைக்காத கறுப்பு வேண்டும் என்பது ஒரு தெளிவான கேள்வி. அந்தக் கேள்வியோடு போனால் எந்தப் பட்டறையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது தானே தெரியும்.

அடுத்து, நம் தண்ணீரைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். சாயத் தொழிலில் இதைத் தவிர்க்கவே முடியாது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் போதும். ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் எடுத்துச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் திரிதிரியாகப் பிரிந்தால் கடினத் தண்ணீர். கடைகளில் கிடைக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைக் காட்டும், பி.எச். தாள் காரத்தைக் காட்டும். இரும்பு இருக்கிறதா என்று பார்க்கக் கடுக்காயே போதும். வெள்ளைத் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, விரலகலப் பட்டைகளாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமுள்ள தண்ணீரில் ஒரு பட்டையை அரை மணி நேரம் போடுங்கள். வெளிர் மஞ்சளாகவே இருந்தால் நல்லது. சாம்பல் படர்ந்தால் இரும்பு இருக்கிறது. போர் தண்ணீர், நகராட்சித் தண்ணீர், டேங்கர் தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நான்கையும் தனித்தனியே சோதித்து எழுதிவையுங்கள். மீதிப் பட்டைகள் பயணப் பையில் போகட்டும், போகும் ஊரிலும் அதே சோதனையைச் செய்ய வேண்டும்.

பையில் இன்னும் சில: நம் பட்டறையில் வழக்கமாக வாங்கும் துணியிலேயே கஞ்சி எடுத்த துண்டுகள், சிறு தராசு, அளவுக் குவளை, பென்சில், கெட்டி அட்டை நோட்டு. பேனா வேண்டாம், ஈரக் கை பட்டால் எழுத்து போய்விடும்.

போகும் இடமும் போகும் விதமும்

அஜ்ரக் அச்சுக்கு இன்று கட்ச்சில் முக்கியமான ஊர்கள் இரண்டு: தமட்கா, அஜ்ரக்பூர். தமட்காதான் பழைய ஊர். சிந்துப் பகுதியிலிருந்து வந்த கத்ரி என்ற சாயக்காரச் சமூகக் குடும்பங்கள் சாரண் ஆற்றங்கரையில் பல நூற்றாண்டுகளாக அச்சடித்து வந்தார்கள். ஆறு வற்றியது, நிலத்தடி நீர் இறங்கியது, தண்ணீரில் இரும்பு ஏறியது. 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் புஜ் நகரத்துக்குப் பக்கத்தில் புதிய இடம் பார்த்துக் குடியேறின. அதுதான் அஜ்ரக்பூர். ஓர் ஊரே தண்ணீரைத் தேடி இடம் மாறியிருக்கிறது. இந்தத் தொழிலில் எது முதலில் வருகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. பல பட்டறைகள் வருபவர்களுக்குத் திறந்திருக்கின்றன. அஜ்ரக்பூரிலேயே கைவினைகளுக்கான அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. ஆனால் பார்வையாளராகப் போவது வேறு, தொழில்காரராகப் போவது வேறு. நானும் சாயக்காரன்தான், உங்கள் கறுப்பைக் கற்றுக்கொள்ள வந்தேன், ஊரில் என் தொழிலில் பயன்படுத்த நினைக்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்துப் பார்த்துவிட்டுப் போவது திருட்டு. சொன்னால் சிலர் மறுக்கலாம், அது அவர்கள் உரிமை. ஒப்புக்கொள்பவர்களிடம் கற்றுத்தரும் நாட்களுக்கான கூலியை நீங்களாகவே பேசிக் கொடுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகையையும் நோன்பு மாதத்தையும் மனத்தில் வைத்து நாளைத் தேர்ந்தெடுங்கள். நம் வேலை மாதிரிகள் சிலவற்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு சாயக்காரரின் துணியை இன்னொரு சாயக்காரர் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினால், அரைகுறை இந்தியிலேயே பேச்சு வெகுதூரம் போகும்.

பார்ப்பது, கேட்பது, எழுதுவது

கறுப்புதான் வேண்டும் என்றாலும் முழு வேலையையும் தொடக்கத்திலிருந்து பாருங்கள். அஜ்ரக் துணி பல கட்டங்களைத் தாண்டி வருகிறது. முதலில் ஆமணக்கெண்ணெய், சலவைச் சோடா, ஒட்டகச் சாணம் கலந்த கரைசலில் துணியைத் திரும்பத் திரும்ப நனைத்து வெயிலில் காயவைக்கிறார்கள். அலசியபின் கடுக்காய்த் தண்ணீர். அதற்குமேல் சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்த களியால் வெள்ளைக் கோடுகளுக்கு, சாயம் ஏறாமல் தடுக்கும் காப்பு அச்சு. பிறகு கறுப்புக்கு இரும்பு, சிவப்புக்குப் படிகாரம், மேலே மறுபடி ஒரு காப்பு, அவுரி நீலத் தொட்டி, அலசல், கடைசியில் சிவப்புச் சாயத்தில் கொதிக்கவைப்பு. கறுப்பு இந்த வரிசையில் நடுவில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்தது எதுவும் இல்லாமல் அது நிற்காது; பின்னால் வரும் கொதிநீரையும் அது தாங்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நம் துணியில் ஒரு துண்டு வெட்டி நோட்டில் தைத்துவிடுங்கள். 1730களில் பாண்டிச்சேரியில் இருந்த போலியூ என்ற பிரெஞ்சு அதிகாரி இதைத்தான் செய்தார். சோழமண்டலக் கரையின் வண்ணத் துணி எப்படிச் செய்யப்படுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு இணைத்தார். அந்தக் கையெழுத்துப் படி பாரிஸில் இன்றும் இருக்கிறது. துண்டுகளைப் பார்த்தே வேலையின் ஓட்டத்தைப் பின்தொடர முடிகிறது. செல்போன் காணொளி எவ்வளவு எடுத்தாலும் துணியின் ஈரமும் கனமும் சொரசொரப்பும் அதில் வராது.

கேள்விகளில் எவ்வளவு போடுகிறீர்கள் என்பதைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். அனுபவசாலிகள் பலர் அளந்து போடுவதில்லை. கேட்டால் மரியாதைக்கு ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதைவிட, மழைநாளில் என்ன மாற்றுவீர்கள், இது கெட்டுப்போனால் எப்படித் தெரியும், உங்கள் அப்பா காலத்தில் எப்படி இருந்தது, இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கறுப்புக் களி பதமாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதைக் கண்ணால் பாருங்கள். அவர் குச்சியைத் தூக்கிச் சொட்டு விழுவதைக் கவனித்தால் நீங்களும் அந்தச் சொட்டைக் கவனியுங்கள். அளவு தெரிந்தே ஆக வேண்டுமென்றால், அனுமதி கேட்டு, அவர் கை அள்ளியதை நம் தராசில் ஒருமுறை வைத்து எடுங்கள்.

முடிந்தால் கூட உட்கார்ந்து வேலை செய்யுங்கள். அச்சுக்கட்டையை மைத்தட்டில் எவ்வளவு அழுத்துகிறார்கள், துணியில் வைத்தபின் முஷ்டியால் எங்கே தட்டுகிறார்கள் என்பதெல்லாம் நம் கை பட்டால்தான் பிடிபடும்.

எது மாறாது, எது மாறலாம்

அறைக்குத் திரும்பிய அன்றே, நினைவு சூடாக இருக்கும்போது, பார்த்ததை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

வேலையைச் செய்வது எது? கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளும் கரைந்த இரும்பும் துணியில் சந்திப்பதுதான் கறுப்பு. இரும்பைக் கரைப்பது, வெல்லம் புளித்து உண்டாகும் மெல்லிய அமிலம். அன்னபேதியின் கந்தக அமிலத்தைப் போல் இது துணியை வதைப்பதில்லை. என் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. இந்தப் பகுதியில் கைவைக்கக் கூடாது.

பொருள் எது? அங்கே கிடைத்த பொருள் இங்கே வேறாக இருக்கலாம். ஒட்டகச் சாணத்துக்கு இங்கே பசுஞ்சாணம் உண்டு. கடுக்காய் நம் நாட்டு மருந்துக் கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது. கறுப்பைக் கெட்டிப்படுத்த அவர்கள் சேர்ப்பது புளியங்கொட்டை மாவு; புளி விளையும் நம் ஊரில் அதைத் தேட வேண்டியதே இல்லை. ஒரே தேவைக்கு ஊருக்கு ஊர் வேறு விடை இருப்பதையும் பாருங்கள். மை துணியில் பரவாமல் நிற்க வேண்டும் என்பது எல்லா ஊரிலும் உள்ள பிரச்சினை. ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரியில் கடுக்காயோடு எருமைப்பால் சேர்த்துத் துணியைத் தயார்செய்து அதைச் சமாளிக்கிறார்கள். அங்கே எழுதுவது மூங்கில் குச்சி, மை தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். கட்ச்சில் மரக்கட்டை, அதனால் மையையே கெட்டியாக்குகிறார்கள். நாம் எந்தக் கருவியால் வேலை செய்கிறோமோ அதைப் பொறுத்து எந்த விடை நமக்கு என்று முடிவெடுக்கலாம்.

இடம் எது? வறண்ட காற்று, சீக்கிரம் காயும் வெயில், துணி விரிக்கப் பரந்த நிலம், அந்த ஊர்த் தண்ணீர். இவற்றை மூட்டை கட்டிக் கொண்டுவர முடியாது. ஒவ்வொன்றுக்கும் நம் ஊரில் என்ன ஈடு என்று எதிரில் எழுதுங்கள். ஈடு எழுத முடியாத வரிகளில்தான் பிறகு சிக்கல் வரும். அவற்றின் கீழ் கோடு போட்டு வையுங்கள்.

ஊரில் மறுபடி எடுப்பது

முதல் முயற்சியை ஒரு கிலோ துணிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். விற்பனைத் துணியிலும் செய்யாதீர்கள். பங்குனி, சித்திரை, வைகாசி நல்ல காலம். ஆடிக் காற்று ஈர அச்சில் மண்ணைத் தூவும். ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாமல் புழுங்கும்; கறுப்பு கோட்டை விட்டு ஊறும், களியில் பூஞ்சணம் பூக்கும்.

இரும்புத் தண்ணீரில் தொடங்குங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும். பழைய ஆணி, லாடம், இரும்புத் துண்டுகள் ஒரு கிலோ எடுத்து, எண்ணெய், பெயின்ட் போகத் தேய்த்துக் கழுவுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வெள்ளை ஆணி கூடாது. வெல்லம் 200 கிராம் கரைத்த 2 லிட்டர் தண்ணீரில் அதைப் போட்டு, மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ நிழலில் வையுங்கள். மேலே துணி கட்டினால் போதும். இறுக மூடினால் உள்ளே காற்று சேர்ந்து மூடியைத் தள்ளும். நல்ல வெயில் காலத்தில் 10 முதல் 15 நாள், குளிர்ந்த நாட்களில் 20 நாளும் அதற்கு மேலும் ஆகும். தினமும் ஒருமுறை குச்சியால் கிளறுங்கள். முதலில் நுரைக்கும், புளித்த வாடை வரும், பிறகு நுரை அடங்கி மேலே உலோகப் பளபளப்போடு ஏடு படியும். நாள் கணக்கை நம்பாதீர்கள். ஒரு சொட்டு எடுத்துக் கடுக்காய்ப் பட்டையில் விடுங்கள். தொட்டவுடன் கருத்தால் தயார். சாம்பலாக வந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள்.

அது புளிக்கும் நாட்களில் துணியைத் தயார் செய்யுங்கள். காடாத் துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் துளிகூட இருக்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். அதுவரை சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசுங்கள். கட்ச்சின் எண்ணெய், சாணக் கட்டம் முழு அஜ்ரக்குக்கு, குறிப்பாகக் கடைசிச் சிவப்பு நன்றாக ஏறுவதற்கு உதவுகிறது. கறுப்பு மட்டும் எடுக்கும் எங்களுக்கு அதை விட்டுவிட முடிந்தது. இப்படி எந்தக் கட்டத்தை விடலாம் என்பதை ஊகத்தில் முடிவு செய்யாமல், செய்த துண்டையும் விட்ட துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடுக்காய்த் தூள், துணி எடையில் ஐந்தில் ஒரு பங்கு: ஒரு கிலோவுக்கு 200 கிராம். கொட்டை நீக்கி அரைத்த தூளாக இருக்கட்டும். முந்தின இரவே ஊறவைத்து வடிகட்டுங்கள். துணியை அரை மணி நேரம் புரட்டி எடுத்து, பிழிந்து, அலசாமல் வெயிலில் தட்டையாக விரியுங்கள். கொடியில் தொங்கவிட்டால் துவர்ப்பு கீழே இறங்கி ஒரு பக்கம் தூக்கலாகிவிடும். வெயில் பார்த்த முகத்தில்தான் துவர்ப்பு அதிகம் சேரும். அந்த முகத்தைக் குறித்துவைத்து அதிலேயே அச்சடியுங்கள். கட்ச்சில் இதை யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை, எல்லோருடைய துணியும் ஒரே பக்கமாக விரிந்திருந்ததைக் கண்டுதான் கேட்டேன். கடினத் தண்ணீரில் கடுக்காயின் மஞ்சள் கொஞ்சம் அழுத்தமாக நிற்கும். அடித்துணி வெளுப்பாக வேண்டுமென்றால் இந்தக் கட்டத்துக்கு மட்டும் மழைத் தண்ணீரை ஒதுக்குங்கள்.

இரும்புத் தண்ணீரை வடிகட்டி, புளியங்கொட்டை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டி தட்டாமல் கிளறி இரும்புச் சட்டியில் காய்ச்சுங்கள். ஆறியபின் மெல்லிய துணியில் வடிகட்டினால் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். குச்சி நுனியால் கடுக்காய்த் துணியில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியைச் சுற்றி நிழல் படர்ந்தால் களி தளர்வு, இன்னும் காய்ச்சுங்கள். புள்ளி மேலேயே மேடாக நின்று, காய்ந்ததும் உதிர்ந்தால் கெட்டி, இரும்புத் தண்ணீர் கொஞ்சம் சேருங்கள்.

அச்சுக்கட்டை தேக்கில் இருக்கட்டும். குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் உள்ள பெத்தாபூர் கட்டை செதுக்குவதற்குப் பேர்போனது. அங்கிருந்து வாங்கினாலும் இங்கே செதுக்கினாலும் எண்ணெயில் நன்றாக ஊறவைத்துப் பிறகே தொடங்குங்கள்.

அச்சடித்த துணியை வெயிலில் காயவைத்து, இரண்டு மூன்று நாள் காற்றாட விடுங்கள். காற்றுப் படப்படத்தான் இரும்பு முழுதாகக் கறுத்துப் பிடிக்கும். அவசரப்பட்டு அன்றே அலசினால் பாதி தண்ணீரோடு போய்விடும்.

அலசல்தான் மதுரையில் எங்களுக்கு நிறைய யோசனை கேட்டது. பிடிக்காமல் மிஞ்சிய இரும்பு தண்ணீரில் கலந்து, கடுக்காய் ஏறிய அடித்துணியில் மறுபடி ஒட்டினால் துணி முழுக்கச் சாம்பல் படரும். ஓடும் தண்ணீரில் அலசினால் இந்தப் பிரச்சினை குறைவு. ஒரு காலத்தில் சுங்குடியை வைகையில்தான் அலசினார்கள். இன்று ஆற்றில் அதற்குத் தண்ணீரும் இல்லை, சாயத் தண்ணீரை ஆற்றில் விடவும் கூடாது. எங்கள் ஏற்பாடு மூன்று தொட்டி. முதல் தொட்டியில் தண்ணீர் நிறைய, நேரம் குறைவு: துணியை மடிக்காமல் விரித்தபடி இறக்கி, ஆட்டி, உடனே தூக்கிவிட வேண்டும். அடுத்த தொட்டியில் கொஞ்சம் அதிக நேரம். மூன்றாவதில் அடித்துத் துவைக்கலாம். முதல் தொட்டித் தண்ணீரை இரண்டாவது துணிக்குப் பயன்படுத்தாதீர்கள். கழிவை நேராகச் சாக்கடைக்கு விடாமல் படியவைத்து வடிகட்டுங்கள். சோடாத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது, மண் கெட்டுவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

நிறம் சரியாக வரவில்லை என்றால் கை பரபரக்கும்: கடுக்காயைக் கூட்டி, களியைக் கெட்டியாக்கி, தண்ணீரையும் மாற்றி மறுபடி அடித்துப் பார்க்கத் தோன்றும். அடுத்த முறை நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. ஒரு மாற்றம், ஒரு துண்டு, ஒரு சீட்டு. சீட்டில் தேதி, வெயிலா மேகமா, எந்தத் தண்ணீர், களியின் வயது, அலசும்வரை எத்தனை நாள் என்று எழுதித் துண்டோடு தைத்துவிடுங்கள். இந்த நோட்டும் கட்ச்சில் வெட்டிய துண்டுகளின் நோட்டும் அருகருகே இருக்கட்டும். எங்கள் கறுப்பு அவர்களுடையதைவிட ஒரு சாயல் நீலம் குறைந்துதான் நிற்கிறது. துணி உறுதியாக இருக்கிறது, நிறம் போகவில்லை என்றால் சாயல் வேறுபாட்டை நம் ஊரின் முகமாக ஏற்கலாம் என்பது என் கருத்து.

விற்பனைக்குப் போகுமுன் நான்கு சோதனை. வெள்ளைத் துணியால் உலர்ந்த நிலையிலும் ஈர நிலையிலும் தேய்த்துப் பாருங்கள், கறை ஏறக் கூடாது. வீட்டில் துவைப்பதைப் போலவே சோப்பு போட்டுப் பல முறை துவைத்து, துவைக்காத துண்டோடு ஒப்பிடுங்கள். பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி மொட்டை மாடியில் சில வாரம் வெயிலில் வைத்து, மூடிய பாதியையும் திறந்த பாதியையும் பாருங்கள். நான்காவது, அச்சடித்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கிழியுங்கள். பிறகு அச்சில்லாத இடத்தைக் கிழியுங்கள். அச்சுள்ள இடம் சட்டென்று விட்டுக்கொடுத்தால் இரும்பு அதிகம். களியைத் தளர்த்துவதற்குப் பதில் இரும்புத் தண்ணீரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மாவை அதே அளவு போட்டு மறுபடி எடுங்கள். இந்த நான்காவது சோதனையைப் பலர் செய்வதில்லை. இரும்புக் கறுப்பின் தீங்கு உடனே தெரியாது, வாங்கியவர் பெட்டியில் சில வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால் ஒரு துண்டை வருடக்கணக்கில் வைத்திருந்து, அவ்வப்போது இழுத்துப் பாருங்கள்.

பட்டறையில் இருப்பவர்களிடம் கொண்டுசெல்வது

நாம் ஊர் சுற்றிக் கற்றுவந்ததை, பட்டறையிலேயே நின்று வேலை பார்த்தவர்கள் தலையில் உத்தரவாக இறக்கக் கூடாது. அங்கே எவ்வளவு பிரமாதமாகச் செய்கிறார்கள் தெரியுமா என்று தொடங்கினால், இத்தனை காலம் நீங்கள் செய்தது மட்டம் என்றுதான் காதில் விழும். நான் நோட்டை மேசையில் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். எங்கள் பட்டறையில் மூத்தவர் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம போர் தண்ணில நிக்குமா?" என்றார். "தெரியலண்ணே, நீங்கதான் சொல்லணும்" என்றேன். மூன்று தொட்டி ஏற்பாடு அவர் யோசனை. சுங்குடி முடிச்சுத் துணியைச் சாயம் ஊறாமல் எப்படித் தூக்குவது என்று பல வருடமாகப் பார்த்த கை அது.

வழக்கமான ஆர்டர் வேலையை நிறுத்தாமல், வாரத்தில் ஒரு நாளைப் புதிய வேலைக்கு ஒதுக்குங்கள். அந்த நாளுக்கும் முழுக் கூலி. அச்சு வீணானால் அது பட்டறைச் செலவு, கைக்காரர் கணக்கு அல்ல.

பெயரும் கடனும்

நாங்கள் எடுப்பது அஜ்ரக் அல்ல. கட்ச் அஜ்ரக்குக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் அந்த மண்ணின் அச்சுக்காரர்களுக்கும், அந்த முழு வரிசையில் செய்த துணிக்கும் உரியது. சுங்குடி என்ற பெயரில் பிரின்ட் துணி விற்பதைக் கண்டு வருந்துகிற நாம் அதே காரியத்தை இன்னொருவருக்குச் செய்யக் கூடாது. அவர்களுடைய நட்சத்திர வடிவங்களையும் கரை அமைப்பையும் எடுப்பதில்லை. கறுப்பை மட்டும் எடுத்து நம் புள்ளிகளிலும் கட்டங்களிலும் அடிக்கிறோம். துணியோடு வைக்கும் சீட்டில், கட்ச் அஜ்ரக்பூர் அச்சுக்காரர்களிடம் கற்ற இரும்புக் கறுப்பு என்று எழுதுகிறோம். கற்றுத்தந்தவர் தன் பெயரையும் போடச் சம்மதித்தால் போடுங்கள்.

1742-இல் கூர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் சோழமண்டலத் துணிச் சாய முறையைக் கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். தொழில் தெரிந்த உள்ளூர்க் கிறித்தவர்களிடம் கேட்டு எழுதியது. எழுதியவர் பெயரை இன்று எந்தத் துணி வரலாற்றிலும் காணலாம். கேட்டவுடன் சொல்லிக் கொடுத்த நம் கரைச் சாயக்காரர்களின் பெயர் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. அந்த வலி தெரிந்தவர்கள் நாம். இன்னொருவர் கையிலிருந்து வாங்கும்போது அந்தத் தவறைத் தொடரக் கூடாது.

விலையும் தொடர்பும்

விலை போடும்போது புளிக்கும் நாட்களையும் காற்றாட விடும் நாட்களையும் கணக்கில் சேருங்கள். அந்த நாட்களில் கை சும்மா இருந்தாலும் இடமும் துணியில் போட்ட பணமும் முடங்கியிருக்கின்றன. சோதனைத் துண்டுகளின் செலவை முதல் இரண்டு மூன்று ஈட்டுத் துணியிலேயே எடுக்கப் பார்க்காதீர்கள். ஒரு வருட விற்பனையில் பரப்புங்கள். மழை மாதங்களில் இந்த வேலைக்கு ஆர்டர் எடுக்காதீர்கள். வாடிக்கையாளரிடம் காரணத்தைச் சொன்னால் தை பிறக்கும்வரை காத்திருக்கிறார்கள்.

கற்றுத்தந்தவருக்கு, நன்றாக வந்ததில் ஒன்றும் சரியாக வராததில் ஒன்றுமாகத் துண்டுகளைச் சீட்டோடு அனுப்புங்கள். சரியாக வராததைப் பார்த்துத்தான் அவரால் பதில் சொல்ல முடியும். கூடவே உங்கள் ஊர்ப் பொருள் ஒன்றையும் வையுங்கள். நீலத் தொட்டி புளிக்கத் தென்னாட்டுச் சாயக்காரர்கள் சேர்த்துவந்த தகரை விதை ஒரு படி, திண்டிவனம் பக்கத்து அவுரிக் கட்டி கொஞ்சம், எப்படிச் சேர்ப்பது என்ற குறிப்பு. குறிப்பை இந்தியில் எழுதித் தர அக்கம்பக்கத்தில் யாராவது கிடைப்பார்கள். பார்சலில் கடுக்காய்ப் பட்டைகள் ஒரு கட்டும் போகட்டும். அவர் ஊர்த் தண்ணீரை மறுபடி சோதித்துச் சொன்னால், அடுத்த முறை போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பது நமக்கும் தெரிந்திருக்கும்.